நெசவூரிலிருந்து பிரெஞ்சு நகருக்கு: புதுச்சேரியின் சந்தைகளில் ஒரு ஞாயிறு

எல்லையூர்ப் பயணங்கள் – 4

தமிழ் வழங்கும் நிலப்பரப்பில் பிரெஞ்சு நகரம் என்று சொல்லத்தக்க அமைப்பை இன்றும் முழுமையாகக் காட்டி நிற்பது புதுச்சேரியே. காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்தான் எனினும், கடலையொட்டி வெள்ளை நகரம், அதற்கு மேற்கே தமிழர் நகரம், இரண்டுக்கும் நடுவே பெரிய வாய்க்கால், நாற்புறமும் புல்வார் எனப்படும் அகன்ற சுற்றுச்சாலைகள் என வகுக்கப்பட்ட நகரமைப்பு புதுச்சேரிக்கே உரியது. இங்கு வருவோருள் பலர் வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களையும் அவற்றின்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடிகளையும் கண்டு, அவற்றையே இந்நகரின் பிரெஞ்சுத் தன்மையாகக் கொண்டு திரும்புகின்றனர். பொதட்டூர்பேட்டையின் நெசவுக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்நகரின் சந்தைகளிலும் துணிக்கடைகளிலும் உணவுக்கூடங்களிலும் செல்லத்தக்க வழியைத் தொடர்ந்து, அத்தன்மை எதன்மேல் எழுந்தது என்பதை ஆராய்வதே இப்பகுதியின் நோக்கம்.

இரண்டு எல்லையூர்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு வட்டத்தில், திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லையை அடுத்து அமைந்த பொதட்டூர்பேட்டை, விசைத்தறிகளின் ஓசை இரவு பகலாகக் கேட்கும் பேரூர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த நிலையில், ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லை குறித்து ஆராய்ந்த படாஸ்கர் குழுவின் பரிந்துரைக்கும் பின்னர், திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்க்கப்பட்டது. புதுச்சேரியின் எல்லையும் ஏறத்தாழ அதே காலத்தில் மாறியது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர்; நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது; சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவுற்றது. ஆட்சியின் எல்லைக்கோடு இடம்பெயர்ந்தபோதும் மக்களின் தொழிலும் உணவும் பேச்சும் அதற்கேற்ப மாறிவிடவில்லை என்பதைத் தம் ஊரிலேயே அறிந்தவர்களுக்குப் புதுச்சேரி அயலூராகத் தோன்றுவதற்குக் காரணமில்லை.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவு உண்டு. சாலைவழியே செல்வோர் திருத்தணி, அரக்கோணம், காஞ்சிபுரம், திண்டிவனம் வழியாகவும், தொடர்வண்டியை விரும்புவோர் திருப்பதியிலிருந்து அரக்கோணம், செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாக இயங்கும் பயணிகள் வண்டியிலும் சென்று சேரலாம். புறப்படும் நாளைத் தேர்வதில் இரண்டு கணக்குகள் குறுக்கிடுகின்றன. புதுச்சேரியின் பெரிய தெருச்சந்தை ஞாயிறன்று மட்டுமே கூடுவது ஒன்று. திருத்தணி முருகனை வணங்கும் குடும்பங்களுள் பல கிருத்திகையன்று மீனும் இறைச்சியும் உண்ணாதிருப்பது மற்றொன்று. ஆகவே, கிருத்திகை விழாத ஞாயிறே இப்பயணத்துக்கு ஏற்றது; ஏனெனில் மீனை விலக்கிவிட்டு அறிய முற்பட்டால் புதுச்சேரியின் சந்தை பாதியளவே புலப்படும்.

காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தை

வாரநாள்களில் வாகனங்கள் நெருக்கியடிக்கும் மகாத்மா காந்தி வீதியில், ஞாயிறன்று நிலையான கடைகள் பல அடைக்கப்பட, அவற்றின் முன்வாசலிலும் நடைபாதையிலும் விரிப்புக் கடைகள் வரிசை கட்டுகின்றன. சண்டே மார்க்கெட் என்றே ஊரார் அழைக்கும் இச்சந்தையில் ஆயத்த ஆடைகள், ஏற்றுமதியில் கழிக்கப்பட்டு உள்நாட்டுக்குத் திரும்பிய சட்டைகள், படுக்கை விரிப்புகள், செருப்புகள், பாத்திரங்கள், விளையாட்டுப் பொருள்கள், பழைய புத்தகங்கள் ஆகியவை கிடைக்கின்றன. பிரான்சு நாட்டு நகரங்களில் கூரையிட்ட நிலையான சந்தைக்கூடம் ஒன்று ஒருபுறமும், குறித்த கிழமைகளில் தெருவிலோ சதுக்கத்திலோ கூடிக் கலையும் திறந்தவெளிச் சந்தை மறுபுறமுமாக இருவகை வணிகம் நடப்பதுண்டு. புதுச்சேரியிலும் இவ்விரண்டையும் அருகருகே காணலாம். ஆயினும், கிழமை குறித்துக் கூடும் சந்தை தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் பழைய வழக்கமாதலால், இவ்வொற்றுமையைக் கொண்டு ஞாயிற்றுச் சந்தையைப் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற வழக்கம் என்று முடிவு செய்வது பொருந்தாது.

இச்சந்தையில் நெசவறிந்தோர் துணி வாங்கும் முறை ஏனையோர் முறையினின்றும் வேறுபடுகிறது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல்களாகிய பாவும், அதன் குறுக்கே ஓடும் ஊடையும் எந்த நெருக்கத்தில் அமைந்துள்ளன என்பதே துணியின் தரத்தை முதலில் தீர்மானிப்பதால், ஊடைநூலைத் தார்க்கட்டையில் சுற்றிப் பழகிய பெண்ணின் கை கைலி ஒன்றை எடுத்தவுடன் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் ஓரத்தை விரலிடையே தேய்த்துப் பார்க்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளின் இடைவெளி தெரியும். நனைத்துக் கசக்கினால் கஞ்சி எவ்வளவு, நூல் எவ்வளவு என்பது தெரியும். கரையைக் கவனித்தால் கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். இவ்வேறுபாடு சட்டச் சார்பும் உடையது. கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் ஒன்றை நடுவண் அரசு 1985இல் இயற்றியது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டு வகைகள் பின்னர் 11 ஆகக் குறைக்கப்பட்டன. கைத்தறிக்குரிய வகையை விசைத்தறியில் நெய்து, கைத்தறி என்ற பெயரிலேயே விற்கும் வழக்கம் சந்தைகளில் பரவலாக உள்ளதால், விற்பவர் சொல்லைக் காட்டிலும் துணியின் ஓரத்தை நம்புவதே வாங்குவோர்க்கு நன்மை தரும்.

பெரிய மார்க்கெட்டும் ரங்கப்பிள்ளையின் வீதியும்

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்த குபேர் அங்காடி, புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக 1963இல் பொறுப்பேற்ற எதுவார் குபேரின் பெயரைத் தாங்குகிறது; பேச்சுவழக்கில் அது பெரிய மார்க்கெட். மணிக்கூண்டைச் சுற்றிப் பரந்த இவ்வங்காடியின் உட்புறம், இன்ன பொருளுக்கு இன்ன பக்கம் என்று பிரிக்கப்பட்டுள்ளது. சாமந்தியும் அரளியும் மல்லிகையும் குவிந்த பூக்கடைகள், காய்கறிக் கடைகள், வாழையிலைக் கட்டுகள், வெற்றிலைக் கவுளிகள், மளிகை, பாத்திரம் எனக் கடந்து சென்றால் மீன் பகுதியை அடையலாம். அங்கே விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வஞ்சிரம், சங்கரா, பாறை, கானாங்கெளுத்தி, நெத்திலி, இறால், நண்டு எனக் கடலோர வகைகள் அனைத்தும் பரப்பப்பட்டிருக்க, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி விலை சொல்வதும், வாங்குவோர் பாதியில் தொடங்கி மேலேறுவதும், முடிவில் அரிந்து கொடுப்பதற்குத் தனிக்கூலி பேசுவதும் இங்குள்ள நடைமுறை. ஏரி மீனும் ஆற்று மீனும் மிகுதியாகப் புழங்கும் உள்நாட்டு ஊரிலிருந்து வருவோர்க்குப் பெயரளவில் மட்டும் அறிந்த மீன்கள் இங்கே உருவத்தோடு அறிமுகமாகின்றன. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் அரசால் முன்வைக்கப்பட்டபோது, இடம்பெயர்ந்தால் வணிகம் சிதையும் என்று அங்காடி வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அங்காடியின் நெரிசலும் ஈரமும் இருட்டும் குறையாகத் தோன்றினாலும், வாடிக்கையாளரின் கால் பழகிய இடமே வணிகரின் முதல் என்பதால் அவ்வெதிர்ப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று.

அங்காடியை ஒட்டிய வீதி ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரால் வழங்குகிறது. அவருடைய மாளிகையும் அருகிலேயே நிற்கிறது. 1709இல் பிறந்த பிள்ளை, ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழுமத்துக்கும் உள்நாட்டு வணிகருக்கும் ஆட்சியாளருக்கும் இடையே பேசியும் எழுதியும் பொறுப்பேற்றும் காரியம் நடத்துபவராக விளங்கினார். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் போரும் அரசியலும் வருவதைப் போலவே துணி வணிகமும் இடையறாது வருகிறது. அக்கால முறைப்படி, குழுமம் வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்தது. வணிகர்கள் அதைப் பிரித்து ஊரூராக நெசவாளர்களுக்குக் கொடுத்தனர். நெய்து வந்த துணி வெளுக்கப்பட்டு, மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்பட்டு, சிப்பமாகக் கட்டப்பட்டுக் கப்பலேறியது. மாதிரிக்கு ஒவ்வாத துணி கழிக்கப்பட்டால், அந்நட்டம் படிப்படியாக இறங்கி நெசவாளரின் தலையில் விழுந்தது. மாஸ்டர் வீவர் எனப்படும் முதலீட்டாளர் நூலையும் பாவையும் கொடுக்க, தறியை உடையவர் நெய்து கொடுத்துக் கூலி பெறும் இன்றைய விசைத்தறி ஊர்களின் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். கப்பலின் இடத்தில் லாரியும், முன்பணத்தின் இடத்தில் பாவும் வந்திருக்கின்றனவே தவிர, பழுதின் சுமை இறங்கும் திசை மாறவில்லை.

நெசவாளர் தெருக்களின்மேல் எழுந்த நகரம்

பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குழுமத்தின் நிலையத்தை அமைத்ததற்கு முதன்மைக் காரணம் துணி. நகரின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சு அறிவின் விளைவாகப் போற்றுவது வழக்கமாயினும், பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ழான் தெலோஷ், டச்சு வரைபடங்களை ஆராய்ந்து வேறொரு செய்தியை வெளிப்படுத்தினார். 1693இல் டச்சுக்காரர் இந்நகரைக் கைப்பற்றி 1699 வரை தம்மிடம் வைத்திருந்தபோது, நெசவாளர் முதலிய தொழில்வகுப்பாருக்கென்று நேர்த்தெருக்களை வகுத்து வரைந்த திட்டமே பிற்கால நகரின் அடித்தளமாயிற்று. 1761இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டு வென்று இடித்துத் தரைமட்டமாக்கினர். அந்நகர் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் ரங்கப்பிள்ளை காலமானார். 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மீண்டும் கட்டியபோதும் பழைய தெருக்கோடுகளே பயன்பட்டன. ஆகவே, இன்று சுற்றுலாப் பயணியர் வியக்கும் தெருவமைப்பு பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளைத் தாங்கியிருந்தாலும், டச்சுக்காரர் கையால் வரையப்பட்டு, தமிழ் நெசவாளரின் குடியிருப்புக்காக உருவான ஒன்று.

இங்கிருந்து சென்ற துணிகளுள் வரலாற்றில் தனியிடம் பெற்றது கினே என்னும் அவுரிச்சாயத் துணி. கருநீலம் ஏறும்வரை திரும்பத் திரும்பத் தோய்க்கப்பட்ட இப்பருத்தித் துணி பிரான்சுத் துறைமுகங்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையை அடைந்து, அங்கே வேலமரப் பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. அப்பிசின் ஐரோப்பிய ஆலைகளில் துணிக்குச் சாயப்பூ அச்சிடும் குழம்பைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. செனகல் வணிகத்தில் கினேத் துண்டு நாணயத்தைப் போலவே மதிப்பளவாக வழங்கியதால், ஐரோப்பிய ஆலைகள் போலிக் கினேகளை நெய்து அனுப்பியும் புதுச்சேரித் துணிக்குரிய மதிப்பை எளிதில் பெற இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆலைகள் எழுந்தன. சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்ற பெயர்கள் இன்றும் முதியோர் நாவில் உள்ளன. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அப்போராட்டத்தின் விளைவாகவே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. தொழிலாளரை வழிநடத்திய வ.சுப்பையாவின் பெயரைத் தெற்குப் புல்வார் இன்று தாங்குகிறது; தொடர்வண்டியில் வந்திறங்குவோர் முதலில் மிதிக்கும் சாலையும் அதுவே. ரோடியர் மில்லின் வழிவந்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டதோடு, துணியால் பிறந்த நகரில் பெரும்படியான துணி உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. நேரு வீதியின் பளபளப்பான சேலைக்கடைகளில் காஞ்சிபுரம், ஆரணி, சேலம், சூரத்து என்று எல்லா ஊர்த் துணிகளும் அடுக்கப்பட்டிருக்க, உள்ளூர்த் துணி மட்டும் அரிதாகிவிட்டது. துய்ப்ளே வீதி என்று முன்னர் அழைக்கப்பட்ட இவ்வீதியில் நெசவூர் தம்பதி சேலையின் விலைச்சீட்டைப் பார்த்துத் திகைப்பதற்கு, அதே நெசவுக்குத் தம் வட்டாரத்தில் கிடைக்கும் கூலியை அறிந்திருப்பதே காரணம்.

சமையலறையில் கலந்த கடல்கள்

நண்பகல் உணவுக்குப் புதுச்சேரியில் இருவழிகள் உள்ளன. வாழையிலைச் சாப்பாட்டில் மீன்குழம்பும் வறுவலும் பரிமாறும் எளிய உணவுக்கூடங்கள் அங்காடியைச் சுற்றிலும் உண்டு; கிரெயோல் சமையல் எனப்படும் கலப்புச் சமையலை வழங்கும் உணவகங்கள் வெள்ளை நகரத்தில் உண்டு. கிரெயோல் என்பது குடியேற்ற நாடுகளில் ஐரோப்பிய வழக்கும் உள்ளூர் வழக்கும் கலந்து உருவான வாழ்க்கைமுறையைக் குறிக்கும். இச்சமையலில் காரம் தணிகிறது; தேங்காய்ப்பால் மிகுகிறது; புளியின் இடத்தில் சில வேளைகளில் வினிகர் வருகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரித் தமிழர், 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் சமூகவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழியினர் உட்பட, இந்தோசீனாவில் அரசுப் பணியிலும் படையிலும் பணியாற்றினர். சைகோனிலிருந்து திரும்பியபோது அரிசித்தாளில் இறைச்சியும் காயும் சுற்றிப் பொரிக்கும் வியத்நாமியச் சுருளையும் உடன் கொணர்ந்தனர். எனவே, புதுச்சேரி வீட்டு விருந்தொன்றில் பிரான்சு, தமிழகம், வியத்நாம் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் இடம்பெறுவது வியப்புக்குரியதன்று.

இவ்வனைத்திலும் நெசவூர் தம்பதியின் கவனத்துக்கு மிகவும் உரியது பெரிய மார்க்கெட்டின் மளிகைக் கடைகளில் உருண்டையாகக் கிடைக்கும் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து இடித்து, ஊறவிட்டு, உருட்டி, கோடை வெயிலில் நாள்கணக்கில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவிச் சேமிக்கும் இப்பொருள், குழம்பு தாளிக்கும்போது ஒரு சிட்டிகை சேர்ந்தாலே தெருமுழுதும் மணக்கும். பங்குனி சித்திரையில் மொட்டைமாடியில் வடகம் காயவைப்பது தொண்டை நாட்டு வீடுகளுக்கும் பழக்கமான வேலை. புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுச் சமையலை அடைந்த இதே வடகம், வதுவான் என்ற பெயரில் அங்கே மசாலாப்பொடியாக மாறி, ஐரோப்பிய, அமெரிக்க உணவகங்களின் உயர்விலை உணவுகளில் இடம்பெறுகிறது. கினே எவ்வாறு செனகலில் நாணயமானதோ அவ்வாறே வடகமும் அயல்நாட்டில் புதிய மதிப்பைப் பெற்றது. இரண்டிலும் அதனைச் செய்த கைக்கு அம்மதிப்பில் பங்கு கிடைத்ததா என்ற வினா எஞ்சுகிறது.

பிற்பகலின் ஓய்வுக்கு நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸ் ஏற்ற இடம். இப்பெயரில் நாட்டின் பல நகரங்களில் இயங்கும் கடைகள், காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது ஏ.கே.கோபாலனின் ஊக்கத்தால் 1957 முதல் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்தத் தொடங்கியவற்றின் மரபைச் சார்ந்தவை. முதலீட்டாளரிடம் பாவு பெற்று நெய்வோர்க்கும் கூட்டுறவுச் சங்கம் நெசவூர்களில் பழகிய ஏற்பாடே ஆதலால், காபியோடு இவ்வரலாறும் அறியத்தக்கது. வீட்டுக்குக் கொண்டுசெல்ல ரொட்டிக் கடைகளில் நீண்ட பாகெத் ரொட்டியும், ரவையும் உலர்பழமும் சேர்த்துச் செய்யும் புதுச்சேரிக் கேக்கும் கிடைக்கின்றன. பாகெத் மறுநாளே விறைத்துவிடும் இயல்புடையதாதலால், நெடுந்தொலைவு செல்வோர் கேக்கைத் தேர்வது நல்லது. அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத்தாள்கள், பருத்திக் கந்தலைக் கூழாக்கிச் செய்யப்படுபவை என்பதால், தறிக்கழிவுக்கு உரிய வேறொரு வாழ்வை எடுத்துக்காட்டுகின்றன.

மாலையில் குபேர் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் தடுக்கப்பட்டு, மறுநாள் காலைவரை அது நடப்போர்க்கே உரியதாகிறது. காந்தி சிலை, 1836இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப்போரில் உயிர்நீத்த பிரெஞ்சு இந்தியப் படைவீரருக்கான நினைவுத்தூண் ஆகியவை அடுத்தடுத்து நிற்கும் இச்சாலையில் சுண்டலும் மாங்காய்க் கீற்றும் விற்போர் ஒருபுறம் இருக்க, பிரெஞ்சுப் பெயர் தாங்கிய காபிக்கடைகளில் விலைப்பட்டியல் வேறோர் உயரத்தில் நிற்கிறது.

பாரிசின் வடக்கு இரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதியில், ஈழத்துப் போரினால் இடம்பெயர்ந்த தமிழர்கள் கத்தரிக்காயும் முருங்கையும் சேலையும் நகையும் விற்கும் தெருக்களை உருவாக்கி, பிரெஞ்சுத் தலைநகருக்குள் ஒரு தமிழ்ச் சந்தையை நிறுவியுள்ளனர். அங்கே வந்தேறியவர்கள் தமிழர் என்பதை யாரும் மறப்பதில்லை. புதுச்சேரியிலோ வந்தேறியது எது, முன்பே இருந்தது எது என்பது சுவர்ப்பூச்சின் அழகில் மறந்துபோகிறது. சந்தையையும் துணியையும் வடகத்தையும் தொடர்ந்து சென்றால், இந்நகரின் பிரெஞ்சுத் தன்மைக்கு முதலும் உழைப்பும் வழங்கியவர்கள் பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களில் இன்றும் வாழ்வோரின் தொழில் முன்னோர் என்பது தெளிவாகும். ஆகவே நெசவூரிலிருந்து வருவோர் இந்நகரை விருந்தாளியின் கூச்சத்தோடு பார்க்க வேண்டியதில்லை. இதன் கணக்கேட்டில் தமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்கும் உரிமை உடையவராகவே பார்க்கலாம். அடுத்த பகுதி, சுடுமண் கைவினைக்குப் பெயர்பெற்ற வில்லியனூரின் சூளைகளை நோக்கிச் செல்லும்.